பிஜிலி ஓடிய வருஷம்

மாப்பிள்ளை என்னவோ கத்தினான். மூக்கு வரை முகக்கவசம், நெற்றியிலிருந்து மார்பு வரை தொங்கும் பூச்சரம். இரண்டையும் தாண்டி வெளியே வந்தது, "தனம்க்கா... தனம்க்கா..." என்பது மட்டும்தான்.

அதற்குள் கயிறு என் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. எங்கள் பிஜிலி, இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே மெதுவாக நடக்கிற குதிரை என்று பேர் வாங்கியவள், ஆம்பூரில் ஒரு சந்தில், பட்டப்பகலில், மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு துள்ளு நடையில் போய்க்கொண்டிருந்தாள். பேண்டு செட்டுக்காரர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். ட்ரம்பெட்காரர் மட்டும் வாயிலிருந்து எடுக்க மறந்து ஒரே சுரத்தை ஊதிக்கொண்டே நின்றார். என் அண்ணன் முருகேசன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நான் பின்னாலேயே ஓடினேன். பயம் இருந்தது, வெட்கம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெருமையும் இருந்தது. கழுத்தை எவ்வளவு அழகாக நீட்டி ஓடுகிறாள் பார், என் பொண்ணு என்று.

அந்த நேரத்தில் பெருமைப்பட்டவள் ஊரிலேயே நான் ஒருத்திதான். அது ஏன் என்று சொல்ல, அந்த வருஷத்தின் ஆரம்பத்துக்குப் போக வேண்டும்.

சொன்ன பேச்சு கேட்காத குதிரை

போன வாரம் அப்பாவின் ஜட்கா வண்டியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டுக் குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் பத்திரிகைக்குப் போன் செய்தாராம். "அந்தம்மா குதிர ஓட்டுவாங்களா, இல்ல வெச்சினு மட்டும் இருக்காங்களா?" என்று கேட்டாராம்.

நியாயமான கேள்வி. நாற்பது வயது தாண்டும் வரை நான் வைத்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன்.

எங்களுடையது மாப்பிள்ளைக் குதிரைத் தொழில். அப்பாவுக்குப் பிறகு ஜட்காவை விற்றுவிட்டு, அண்ணனும் நானும் சேர்ந்து பிஜிலியை வாங்கினோம். வெள்ளைக் குதிரை, பொட்டை. ஆம்பூரோ வாணியம்பாடியோ பேரணாம்பட்டோ, எங்கே ஊர்வலம் என்றாலும் பேசி முடிப்பது அண்ணன். ஜிகினா வைத்த சேணம், நெற்றிப் பட்டம், குஞ்சம் எல்லாம் அவன் பொறுப்பு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது நான். வேறு யார் பிடித்தாலும் அவள் முரண்டு பிடிப்பாள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் எல்லா மண்டபத்து வாசலிலும் ஒரு பாட்டு கேட்கத் தவறாது. "இத்தினி மாப்பிள்ளைய இட்னு போறியே தனம், ஒருத்தனையாவது உனக்குன்னு நிறுத்திக்கக் கூடாதா?"

"குதிர மேல குந்தினு இருக்கறப்போ எல்லாரும் நல்லாதான் கீறானுங்க. எறங்கினப்புறம்தான தெரியுது" என்பேன். கேட்ட அம்மாக்கள் எல்லாம் சிரிப்பார்கள். அவர்களுக்கும் தெரியும்.

வாங்கும்போதே அவளுக்கு அந்தப் பெயர்தான். வாணியம்பாடியில் ஒரு வண்டிக்காரர் வைத்தது. பிஜிலி என்றால் உருதுவில் மின்னல். அந்த மின்னலை நாங்கள் நடக்க வைத்தோம். கொஞ்ச தூரம் நட, நில், பேண்டு சத்தம் கேட்டால் முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வை, மறுபடி நட. இவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த உலகம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாப்பிள்ளைகளுக்குக் குதிரை ஏறத் தெரியாது. ஏறியதும் நடுக்கத்தில் கால் ஆடும். குதிகால் போய் வயிற்றில் இடிக்கும். சிலபேர் பிடரியைப் பிடித்து இழுப்பார்கள். தோஸ்துகள் பின்னால் வந்து தட்டுவார்கள், பட்டாசு வைப்பார்கள். இது எதையும் குதிரை மதிக்கக் கூடாது. மேலே இருப்பவன் என்ன செய்தாலும் அது காற்று அடிப்பது மாதிரி. கீழே கயிறு பிடித்திருப்பவள் சொல்வதுதான் பேச்சு. அப்படிப் பழகிய குதிரைக்குத்தான் கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வருவார்கள்.

இன்னொன்றும் உண்டு. மாப்பிள்ளை ஏறும் குதிரையில் வேறு யாரும் ஏறக் கூடாது, வைத்திருப்பவர்கள் உட்பட. பெண் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பொம்பளை ஏறிய குதிரையிலா என் பிள்ளை ஏறுவான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், எங்கள் பிழைப்பு அதோடு சரி. சாதிக்குச் சாதி, மதத்துக்கு மதம் சடங்கு மாறுகிற இந்த ஊரில் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

தகரக் கதவு

முகூர்த்தங்கள் நெருங்கி வந்த நேரத்தில் கொரோனா என்று எல்லாவற்றையும் மூடினார்கள். மண்டபம் மூடியது. ஷூ கம்பெனி மூடியது. தோல் பதனிடும் ஷாப்புகள் மூடின. பிறந்ததிலிருந்து மூக்கோடு ஒட்டியிருந்த தோல் வாடை சில நாளில் காணாமல் போனது. வெளியூர்க்காரர்களுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கு வீட்டில் யாரோ சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டது போல இருந்தது.

காலையில் பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் இல்லை. தெருவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சத்தம்தான். எங்கள் கொட்டகையின் தகரக் கதவு.

விடிந்ததும் ஆரம்பிப்பாள். டம். கொஞ்ச நேரம் கழித்து, டம். ஊர்வலம் இல்லை, நடை இல்லை, கட்டுத்தறியிலேயே நின்றால் அவளும் என்னதான் செய்வாள்? நான் மொட்டைமாடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் எங்கே போவது என்று தெரியாது. எதிர்வீட்டுக்காரர் ஒரு நாள் ஜன்னலைத் திறந்து கேட்டார்.

"ஏம்மா தனம், உங்க வூட்ல யாருக்கு பேஜாரு ஜாஸ்தி? அதுக்கா, உனக்கா?"

நின்று நின்று அவளுக்குப் பின்னங்கால்கள் வீங்கின. கால்நடை டாக்டரிடம் போனில் கேட்டேன். "மருந்தெல்லாம் வேணாம்மா. ஓடற ஜீவன கட்டி வெச்சா இப்டிதான் ஆவும். டெய்லி வெளிய இட்னு போ. நல்லா கால ஆட்டட்டும்" என்றார்.

அண்ணன் அப்போது லோடு ஆட்டோவில் காய்கறி விற்க ஆரம்பித்திருந்தான். அணைக்கட்டுப் பக்கம் தோட்டங்களில் விற்காமல் கிடந்த தர்பூசணியை அவளுக்கும் கொண்டுவந்து போடுவான். பாசம் இல்லாதவன் இல்லை. ஆனால் அவன் போனுக்கு ஒருத்தன் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். சென்னையில் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றி ஓட்டுகிறவன். இப்போதே பேசி வைத்துவிட்டால் திறந்ததும் வந்து குதிரையை ஓட்டிப் போகிறேன் என்கிறான்.

"குடுத்துடப் போறியாண்ணா?" என்று கேட்டேன்.

"கல்யாணம் திரும்ப வரும்னுதான் வெச்சினு இருக்கேன். அது மாப்பிள்ளைக் குதிரையா இருக்கற வரைக்கும் நம்மளுது. அந்தத் தொழிலும் இல்லன்னா நமக்கு இன்னாத்துக்குக் குதிர?"

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். கல்யாணங்கள் திரும்பும் வரை பிஜிலியைக் கால் கெடாமல் காப்பாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கடற்கரைக்குப் போய்விடுவாள்.

காலையில் பாலாற்றுக்கு இட்டுப் போக ஆரம்பித்தேன். பெயர்தான் ஆறு. கண்ணுக்கெட்டிய வரை மணல்தான். முதல் நாளே பாலத்தடியில் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"குதிரைய வாக்கிங் இட்னு போறேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உனக்கு மாஸ்க் கீது. அதுக்கு எங்க?" என்றார். சிரித்துக்கொண்டே கையைக் காட்டி விட்டுவிட்டார்.

பூட்ஸ் தைக்கிறவள்

பக்கத்து வீட்டு ஷபானா என் வயதுக்காரி. ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற பிரிவில் வேலை. அவள் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்புவது முட்டி வரை வரும் பூட்ஸ், குதிரை ஏறுகிறவர்கள் போடுவது. வேலை இல்லாமல் அவளும் வீட்டில் முட்டி மோதிக்கொண்டிருந்தாள். எனக்குத் துணையாக ஆற்றுக்கு வர ஆரம்பித்தாள்.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பேன், பிஜிலியும் பதவிசாக நடப்பாள். நான் ஓடிப் பார்ப்பேன், மூச்சு வாங்கும், நிற்பேன், அவளும் நிற்பாள். கால் வீக்கம் அப்படியே இருந்தது.

"நீ ஓடி அது எப்போ ஓடறது? மேல ஏறுடி" என்றாள் ஷபானா.

"நான் ஏறக் கூடாது."

"யாரு பாக்கறா? ஊரே உள்ள கீது."

சுற்றிலும் பார்த்தேன். உண்மைதான். ஒரு ஆடு மேய்ப்பவர்கூட இல்லை.

மறுநாள் அவள் ஒரு பையோடு வந்தாள். கம்பெனியில் தேறாமல் ஒதுக்கிய ஜோடி ஒன்றை எப்போதோ கேட்டு வாங்கி வைத்திருந்தாளாம். இடது பூட்ஸ் கொஞ்சம் பெரிசு. "தைச்சுத் தைச்சு கை மரத்துப் போச்சு தனம். இதப் போட்டுனு ஒருத்தர் குதிர மேல குந்தி நான் கண்ணால பார்த்ததில்ல" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நான் பூட்ஸை மாட்டிக்கொண்டேன்.

ஜிகினா சேணம் இதற்கெல்லாம் ஆகாது. கம்பளியை மடித்துப் போட்டு, ஒரு பட்டையால் கட்டி, மணல் மேடு ஒன்றிலிருந்து ஒருவழியாக ஏறினேன். அவ்வளவு உயரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வருஷக்கணக்காக அவள் பக்கத்திலேயே நடந்தவள், அவள் காது இரண்டுக்கும் நடுவில் ஊர் எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தூரத்தில் மலை தெரிந்தது. ரயில் பாலம் தெரிந்தது.

குதிகாலால் மெல்லத் தொட்டேன். எதுவும் நடக்கவில்லை. ஒரு உதை விட்டேன். ம்ஹும். ஷபானா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். பிஜிலி முரண்டு பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள், நின்றாள். ஷபானா உற்சாகத்தில் கை தட்டினாள். அவ்வளவுதான், பேண்டு வந்துவிட்டது என்று நினைத்து பிஜிலி முன்னங்காலைத் தூக்கித் தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டாள். நடு ஆற்றில் நான் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தேன். ஷபானா மணலில் விழுந்து சிரித்தாள்.

முட்டியை ஒட்டு

எனக்கு வாத்தியார் கிடைத்தது போனில். ராஜஸ்தான் பக்கம் யாரோ மீசைக்காரர், இந்தியும் உருதுவும் கலந்து பேசுகிறவர், குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள். ஷபானா மணல் மேட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்து எனக்குக் கத்துவாள். "முட்டிய ஒட்டுன்றாரு! குதிகால கீழ எறக்குன்றாரு! அய்யே, கைய இழுக்காதடி, வாய்ல வலிக்கும்ன்றாரு!"

மீசைக்காரர் சொன்னதில் முக்கியமானது ஒன்றுதான். காலால் கேள், அசைந்ததும் கேட்பதை நிறுத்து. அப்போதுதான் கேட்டதற்கு அர்த்தம் இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

நாள் கணக்கில் கேட்டேன். எத்தனை மாப்பிள்ளைகளின் கால்களை அவள் மதிக்காமல் விட்டிருப்பாள்! என்னையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தாள். எனக்குப் பொறுமை கிடையாது. கெஞ்சுவேன், திட்டுவேன், இறங்கிக் கோபித்துக்கொண்டு தனியாகப் போய் உட்காருவேன். அவளே பின்னால் வந்து என் தோளில் மூக்கை வைப்பாள். மறுபடி ஏறுவேன்.

பிறகு ஒரு காலை, தொட்டதும் அவள் காது பின்பக்கம் திரும்பியது. என் பக்கம். அவ்வளவுதான், ஒரு காது. ஆனால் அவள் கேட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்து ஒரு அடி வைத்தாள். கயிறு இல்லை, பேண்டு இல்லை. நான் கேட்டேன், அவள் வந்தாள்.

அதற்கப்புறம் சுருசுருவென்று போனது. துள்ளு நடை வந்தது. முதல் நாள் துள்ளியதில் நான் வாய் நிறைய மணலோடு கீழே கிடந்தேன். எழுந்து உட்கார், எழுந்து உட்கார் என்று அவள் துள்ளலோடு சேர்ந்து எழும்பிக் குந்தப் பழகுவதற்குள் தொடை இரண்டும் புண்ணாகிவிட்டது. வீட்டில் நடக்க முடியாமல் காலை அகட்டி நடந்தேன். அண்ணன் கேட்டதற்கு மூலம் என்று சொல்லிவிட்டேன். அவன் அன்று சாயங்காலமே கருணைக்கிழங்கு வாங்கி வந்து கொடுத்தான், பாவம்.

கால் வீக்கம் போன இடம் தெரியவில்லை. கதவை உதைப்பதும் நின்றது.

பாய்ச்சல் வந்த நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். திடீரென்று துள்ளல் நின்று, கீழே எதுவுமே இல்லாதது போல ஆனது. மணல் பின்னால் பறந்தது. காற்றில் கண்ணில் தண்ணீர் வந்தது என்று ஷபானாவிடம் சொன்னேன். பொய். அழுதேன். அவ்வளவு வேகமாக எங்கேயும் நானாகப் போனதில்லை. பஸ் கூட்டிப் போகும், அண்ணன் கூட்டிப் போவான், கல்யாண வீட்டுக்காரர்கள் போகச் சொன்ன பக்கம் போவேன். அன்று நான் நினைத்த பக்கம் போனேன்.

மழைக்காலத்தில் பாலாற்றில் தண்ணீர் வந்தது. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் வந்த தண்ணீர். ஊரே பாலத்தில் நின்று பூவைத் தூவிக் கும்பிட்டது. என் மைதானம் போயிற்றே என்று திட்டிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான். பிறகு கரையோரம் ஒரு மாந்தோப்புப் பாதையைக் கண்டுபிடித்தேன்.

மறுபடி அந்தச் சந்து

தண்ணீர் வடிந்த பிறகு கல்யாணங்களை அனுமதித்தார்கள். ஆள் கம்மியாக இருக்க வேண்டும், இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனை. எங்களுக்கு வந்த முதல் ஊர்வலம் ஷபானாவின் தம்பி இம்ரானுடையது. அண்ணன் சேணத்து ஜிகினாவைத் துடைத்துத் துடைத்துப் பளபளக்க வைத்தான். சென்னைக்காரனுக்குப் போன் செய்து, குதிரை இல்லை என்று சொல்லிவிட்டான்.

நான் முன்கூட்டியே சோதித்துப் பார்த்தேன். கயிற்றில் நடத்தினேன், நன்றாக நடந்தாள். நிறுத்தினேன், நின்றாள். பேண்டுப் பாட்டை போனில் வைத்தேன், ஆடினாள். நானே மேலே ஏறிச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன், ஆடாமல் நின்றாள். எல்லாம் சரி என்று நினைத்தேன். சும்மா உட்காரத் தெரிந்தவள் நான். மாப்பிள்ளைகளுக்குச் சும்மா உட்காரத் தெரியாது என்பது அத்தனை வருஷம் அந்தத் தொழிலில் இருந்த எனக்குத் தோன்றவில்லை. ஷபானாவுக்கும் தோன்றவில்லை.

இம்ரான் ஏறினான். பேண்டு ஆரம்பித்தது. பயத்தில் இரண்டு குதிகாலையும் அவள் வயிற்றில் இறுக்கினான். பிஜிலியின் காது பின்பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். ஐயோ என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

பயத்தில் அவன் இன்னும் இறுக்கினான். கேட்கிறான் என்று அவள் இன்னும் வேகமாகப் போனாள். நீங்கள் முதலில் பார்த்தது அதுதான். சந்து முனையில் நான் மூச்சு முட்ட, "ஹோ... நில்லு கண்ணு" என்று கத்தினேன். என் குரல் கேட்டதும் அந்த இடத்திலேயே நின்றாள். இம்ரான் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினான். ஒரு காயமும் இல்லை. பூச்சரம் மட்டும் வழியில் எங்கேயோ போய்விட்டது.

அண்ணன் ஓடி வந்தான். பிஜிலியைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"உன் குரலுக்கு நிக்குது. இதுக்கு யாரு ஓடச் சொல்லிக்குடுத்தது?"

"நான்தான்."

"ஏறினியா?"

"ஏறினேன். டெய்லி."

பத்துப் பேருக்குக் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னேன். இம்ரானின் மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "பொம்பள ஏறின குதிரையா இது?" என்றார். ஷபானா, "இன்னா மாமூ இப்போ? புள்ள பத்திரமா கீறான் இல்ல?" என்று பாய்ந்தாள். இம்ரான் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "பரவால்லக்கா. நான் நடந்தே போய்டறேன்" என்றான். நல்ல பையன், கோபப்படவில்லை. மாப்பிள்ளை முன்னால் நடந்தான். காலிச் சேணத்தோடு பிஜிலியும் நானும் கடைசியில் போனோம். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

உதை, நில்

அண்ணன் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு கொட்டகைக்கு வந்தான். "பொம்பள ஏறினான்னு பேசறத நான் எப்டியோ சமாளிச்சுக்கறேன். ஆனா ஓடற குதிர மேல ஒரு புள்ளைய ஏத்தி அனுப்ப மாட்டேன். விழுந்து எதுனா ஆச்சுன்னா? இத பழையபடி ஆக்கு. இல்லன்னா சென்னைக்காரனுக்கு நானே திரும்பப் போன் போடறேன்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. சண்டை போடக்கூட ஒரு பிடி இல்லை.

நான் பூட்ஸ் போட்டு ஏறினால் ஓடு, மாப்பிள்ளை ஏறினால் நில் என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க முடியாதா என்று ஷபானா கேட்டாள். அதையும் முயன்று பார்த்தேன். அண்ணனே மாப்பிள்ளை வேஷத்தில் சேணத்தில் ஏறினான். வாழ்க்கையில் முதல் தடவை ஏறுகிறான், காலை இறுக்கினான். பிஜிலி அவனை மாந்தோப்பு வேலி வரை கொண்டுபோய் விட்டாள். ஒரு வாரம் அவனால் நிமிர முடியவில்லை. இந்த முறை கருணைக்கிழங்கு நான் வாங்கி வந்தேன்.

வேறு வழி இல்லாமல் ஆரம்பித்தேன். மேலே ஏறி உட்காருவேன். குதிகாலால் உதைப்பேன். அவள் கிளம்புவாள். கடிவாளத்தைப் பிடித்து நிறுத்திவிடுவேன். மறுபடி உதைப்பேன், கிளம்புவாள், நிறுத்துவேன். அவளுக்குக் குழப்பமாக இருக்கும். கேட்டதைத்தானே செய்கிறேன் என்று தலையைத் திருப்பி என் காலைப் பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சில நாள் இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவேன். மறுநாள் மறுபடி உதை. என்றைக்காவது தப்பித் தவறி அசையாமல் நின்றாள் என்றால் மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லம்.

வெல்லத்துக்கு அவள் சீக்கிரமே பழகினாள். உதைத்தால் காது திரும்பும், உடம்பு அசையாது. அப்புறம் காதும் திரும்புவது நின்றது. அண்ணன் வந்து ஏறினான், இறுக்கினான், தட்டினான், கத்தினான். மலைபோல நின்றாள்.

"சபாஷ் தனம்!" என்றான். ரொம்ப நாளுக்கப்புறம் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். அந்த மாதம் வாணியம்பாடியில் ஒரு ஊர்வலம் போனோம். மாப்பிள்ளை நடுங்கு நடுங்கென்று நடுங்கினான். பிஜிலி ஒன்றையும் சட்டை செய்யாமல், நான் பிடித்த கயிற்றில் அழகாக நடந்தாள். அவள் எங்களோடு இருப்பது உறுதியானது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

வெயில் ஏறிய நேரத்தில் எல்லாவற்றையும் மறுபடி மூடினார்கள். இரண்டாவது அலை என்றார்கள். பேசி வைத்த கல்யாணங்கள் எல்லாம் ரத்து. கம்பெனி பஸ் நின்றது, தெரு காலியானது. நான் மொட்டைமாடியில் நடக்க ஆரம்பித்தேன். அண்ணன் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தான்.

"இன்னாத்துக்கு அங்கயே சுத்தினு இருக்கற? கல்யாணம் ஒண்ணும் இல்ல. யாரு பாக்கப் போறா? போ, ஆத்துக்கு இட்னு போய் ஏறிக்கோ" என்றான்.

அவன் வாயால் அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. நன்றிகூடச் சொல்லாமல் ஓடினேன்.

மணல் காய்ந்து பரந்து கிடந்தது. கம்பளியைக் கட்டி ஏறினேன். காது இரண்டுக்கும் நடுவில் மலை தெரிந்தது. முட்டியை ஒட்டி, குதிகாலை இறக்கி, மெல்லத் தொட்டேன்.

நின்றாள்.

இன்னொரு முறை தொட்டேன். "போலாம் கண்ணு. இது நான்" என்றேன். கொஞ்சம் அழுத்திக் கேட்டேன். கெஞ்சிக் கேட்டேன். அவள் ஒரு அடி அசையவில்லை. ஆடாமல், சமத்தாக, நான் சொல்லிக்கொடுத்தபடியே நின்றாள். பிறகு தலையைத் திருப்பி, என் முட்டியில் மூக்கை உரசி, வெல்லத்துக்குக் காத்திருந்தாள்.

கொடுத்தேன்.